பத்து நாள் கணக்கு: மலேரியா ஒழிந்த இலங்கையில் ஒரு காய்ச்சலைக் கையாளும் முறை

1999இல் இலங்கையில் 2,64,549 பேருக்கு மலேரியா. 2012 ஒக்டோபருக்குப் பிறகு பல ஆண்டுகள் உள்ளூர்த் தொற்று இல்லை. மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பூச்சியம் காட்டியதால் 2016 செப்டெம்பர் 5 அன்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. தீவை விட்டுப் போனது ஒட்டுண்ணி மட்டும்தான். அதைக் காவும் அனோபிலிஸ் நுளம்பு ஆற்றுப் படுக்கைகளிலும் வாய்க்கால் ஓரங்களிலும் முன்போலவே இருக்கிறது.

இதே நிலைமை முன்பும் ஒருமுறை இருந்தது. 1963இல் முழுத் தீவிலும் 17 நோயாளிகள். அதிலும் 11 பேர் வெளியிலிருந்து தொற்றோடு வந்தவர்கள். டி.டி.ரி. பூச்சிகொல்லி விசிறல் நின்றது, காய்ச்சல்காரரின் இரத்தத்தைப் பார்ப்பது தளர்ந்தது, மழை பொய்த்தது. எலஹெரப் பக்கம் மாணிக்கக் குழிகளில் தண்ணீர் தேங்கியது, அங்கே வேலை தேடி ஆட்கள் குவிந்தார்கள். 1969இல் எண்ணிக்கை 5 லட்சத்தைத் தாண்டியது. எனவே சான்றுக்குப் பிந்திய வேலை குறைந்த வேலை அல்ல. வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு நோயாளியையும் கணக்கு வைத்துப் பிடிக்கும் வேலை அது. கீழே உள்ளவை வெளிநோயாளர் பிரிவிலும் ஆய்வுகூடத்திலும் களத்திலும் அதைச் செய்பவர்களுக்கு.

முதலில் கணக்கு

நுளம்பு ஒரு நோயாளியைக் கடித்த நாளிலிருந்து அது பிறருக்குப் பரப்பத் தயாராக, நம் வெப்பநிலையில் ஏறத்தாழ 10 முதல் 14 நாள் ஆகும். அது கடித்த ஆளுக்குக் காய்ச்சல் வர, வைவக்ஸ் என்ற மலேரியா ஒட்டுண்ணி வகையில் மேலும் 12 முதல் 17 நாள்.

ஓர் உதாரணம். இந்தியாவிலிருந்து திரும்பிய ஒருவருக்கு ஜூன் 1ஆம் திகதி காய்ச்சல் தொடங்குகிறது. அன்றிரவு வீட்டு நுளம்பு கடிக்கிறது. ஜூன் 11 வரை அந்த நுளம்பால் யாருக்கும் ஆபத்து இல்லை. 11 முதல் 15க்குள் அது தயாராகிறது. அது உடனே கடித்தாலும் அயல் வீட்டாருக்குக் காய்ச்சல் வர ஜூன் கடைசி வாரமோ ஜூலை முதல் வாரமோ ஆகிவிடும்.

இதில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. நோயாளியைக் கண்டுபிடித்து, மருந்து கொடுத்து, நுளம்பைக் கொல்லக் கிடைக்கும் அவகாசம், காய்ச்சல் தொடங்கிய நாளிலிருந்து எண்ணினால், பத்து நாள். அடுத்தது, ஜூன் 5ஆம் திகதி அயலவரின் இரத்தத்தைப் பார்த்து 'எல்லாம் சுத்தம்' என்று கோப்பை மூடினால் அந்தப் பரிசோதனை எதையும் நிரூபிக்கவில்லை. அன்று அகப்படக்கூடியவர்கள் கூடப் பயணம் போனவர்கள் மட்டுமே. உள்ளூரில் தொற்றியவரைப் பிடிக்க வேண்டுமானால் நான்காம், ஐந்தாம் வாரத்தில் திரும்பிப் போக வேண்டும். களத்தில் அதிகம் விடுபடுவது இந்த இரண்டாவது பயணம்தான்.

வைவக்ஸ் இன்னும் சிக்கலானது. நுளம்புக்குத் தொற்றக்கூடிய பாலணுக்கள் அதில் நோய் தொடங்கும்போதே, சில வேளை காய்ச்சலுக்கு முன்பே, இரத்தத்தில் வந்துவிடும். ஃபல்சிபாரம் என்ற மற்றொரு வகையில் அவை முதிர்ந்து வெளிப்பட ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். ஃபல்சிபாரம் நோயாளிக்கு முதல் சில நாட்களுக்குள் சிகிச்சை தொடங்கினால் பரவல் ஏறக்குறைய அறுந்துவிடும். 2018 டிசெம்பரில் மொனராகலையில் ஒழிப்புக்குப் பிந்திய முதல் உள்ளூர்க் கடத்தல் வைவக்ஸாக இருந்ததற்கு இது பொருந்தி வருகிறது. தொற்றின் மூலம், இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்த ஒருவர்.

கேள்வியைச் சரியாகக் கேட்பது

'வெளிநாடு போனீங்களா?' என்று கேட்டால் பலர் இல்லை என்பார்கள். யாத்திரைக்கு இந்தியா போய் வருவதை வெளிநாட்டுப் பயணமாக எண்ணாதவர்கள் உண்டு. இப்படிக் கேளுங்கள்: 'போன ஒரு வருசத்துக்குள்ள இலங்கையை விட்டு எங்க போனாலும் சொல்லுங்க. இந்தியா, ஆப்பிரிக்கா, கப்பல் வேலை, இடையில இறங்கித் தங்கின ஊர், எல்லாம்.' வீட்டில் அல்லது வேலைத்தளத்தில் வெளிநாட்டிலிருந்து வந்தவர் இருக்கிறாரா, அண்மையில் இரத்தம் ஏற்றப்பட்டதா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மடகஸ்கார், மொசாம்பிக் பக்கம் மாணிக்க வியாபாரத்துக்குப் போய் வருபவர்கள், ஐ.நா. அமைதிப் படையில் இருந்து திரும்பும் படையினர், யாத்திரிகர்கள், வெளிநாட்டுத் தொழிலாளர்: வழக்கமாக அகப்படுவோர் இவர்கள்தான்.

ஒரு வருடம் ஏன்? வைவக்ஸும் ஓவேல் என்ற வகையும் ஈரலில் தூங்கிக் கிடந்து மாதக் கணக்கில் கழித்து எழும்பும். ஃபல்சிபாரம் பெரும்பாலும் திரும்பிய இரண்டு மாதத்துக்குள் வெளிப்பட்டுவிடும். தடுப்புக் குளிசையை அரைகுறையாக விழுங்கியவருக்கு அது பிந்தலாம்.

இன்று மலேரியாவை மறைப்பது டெங்கு. காய்ச்சல், உடல்வலி, குறைந்த இரத்தச் சிறுதட்டு என்று பார்த்ததும் கை தன்னாலே டெங்குப் படிவத்துக்குப் போகிறது. சிறுதட்டு மலேரியாவிலும் குறையும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிர் நடுக்கத்தோடு வரும் பாடப்புத்தகக் காய்ச்சலை எதிர்பார்த்து நிற்க வேண்டாம். முதல் நாட்களில் காய்ச்சலுக்கு ஒழுங்கே இராது. பயண வரலாறு இருந்தால் டெங்குப் பரிசோதனை அனுப்பும் அதே ஊசிக் குழாயிலிருந்து மலேரியாவுக்கும் அனுப்புங்கள். முதல் ஸ்லைட் எதிர்மறை என்றால் முடிந்துவிடவில்லை. 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் மொத்தம் மூன்று தடவை பாருங்கள்.

ஸ்லைட்

ஒரே ஸ்லைட்டில் தடித்த பூச்சும் மெல்லிய பூச்சும் போடலாம். தடித்தது ஒட்டுண்ணி இருக்கிறதா என்று சொல்லும், மெல்லியது எந்த வகை என்று சொல்லும்.

இடது கையின் நடு அல்லது மோதிர விரல், நுனியின் பக்கவாட்டில் குத்துங்கள். குழந்தைக்குக் குதிகால் அல்லது கால் பெருவிரல். ஸ்பிரிற் காயாமல் குத்தினால் இரத்தம் பரந்து ஓடும், துளி நிற்காது. முதல் துளியைத் துடைத்து எறியுங்கள். தடித்த பூச்சுக்கு ஏறத்தாழ 6 மைக்ரோலீற்றர், மெல்லியதற்கு 2. தடித்த துளியை இன்னொரு ஸ்லைட்டின் மூலையால் 10 முதல் 12 மில்லிமீற்றர் அகல வட்டமாக்குங்கள். ஈரமாக இருக்கும்போதே அதன் கீழே பத்திரிகைத் துண்டை வைத்துப் பாருங்கள்: எழுத்தை மட்டுமட்டாக வாசிக்க முடிந்தால் தடிப்பு சரி. எழுத்தே தெரியாவிட்டால் காய்ந்தபின் வெடித்து, கழுவும்போது உரிந்து போகும்.

மெல்லிய பூச்சை மெதனோலில் ஒரு கணம் தோய்த்து நிலைப்படுத்துங்கள். தடித்ததில் மெதனோல் படக் கூடாது. அதன் சிவப்பணுக்கள் சாயத்தில் உடைந்து கரைய வேண்டும், நிலைப்படுத்தினால் கரையாது. இதற்காக ஸ்லைட்டைச் சரித்துப் பிடிக்க வேண்டும். அவசரத்தில் செய்யாமல் விடுவது இதைத்தான். வெயிலிலோ அடுப்பருகிலோ காய வைத்தாலும் தடித்த பூச்சு தானாக நிலைப்பட்டுவிடும். பூச்சி அரிக்காத இடத்தில் கிடையாக வைத்துக் காய விடுங்கள்.

கீம்சா சாயம் 3 சதவீதமானால் 45 நிமிடம், 10 சதவீதமானால் சுமார் 10 நிமிடம். அவசர நோயாளிக்கு 10 போதும், ஆனால் சாயம் அதிகம் செலவாகும். கரைக்கும் தண்ணீர் பி.எச். 7.2 ஆக இருக்க வேண்டும். அமிலம் கூடினால் எல்லாம் இளஞ்சிவப்பாகி, வைவக்ஸ் தொற்றிய சிவப்பணுவில் காணும் ஷஃப்னர் புள்ளிகள் தெரியாமல் போகும். அந்தப் புள்ளிகளைப் பார்த்துத்தான் வைவக்ஸைப் பிரிக்கிறோம். சாயத்தை வடிகட்டிப் பாவியுங்கள். கழுவும்போது சாயத்தை வழித்து ஊற்றாதீர்கள், மேலே மிதக்கும் படலம் பூச்சில் அப்பிவிடும். தண்ணீரை மெல்ல விட்டு, படலத்தை விளிம்பால் வழிந்தோட விடுங்கள்.

100 மடங்கு எண்ணெய் வில்லையில் குறைந்தது 100 பார்வைக் களங்கள் பார்க்காமல் 'இல்லை' என்று எழுதக் கூடாது. ஃபல்சிபாரத்தில் பொதுவாக மென்மையான வளையங்களும் வாழைப்பழ வடிவப் பாலணுக்களுமே தெரியும், ஒரே அணுவில் இரண்டு மூன்று வளையங்கூட இருக்கலாம். வைவக்ஸில் சிவப்பணு பெரிதாகி, ஒட்டுண்ணி உருக்குலைந்து பரந்திருக்கும். சாயப் படிவும் சிறுதட்டும் ஒட்டுண்ணிபோலத் தோன்றும். குவியத்தைச் சற்று மேலே கீழே அசைத்துப் பார்த்தால் படிவு வேறு தளத்தில் மின்னும்.

அடர்த்தியை எண்ணாமல் அனுப்ப வேண்டாம். 200 வெள்ளணுக்களுக்கு எத்தனை ஒட்டுண்ணி என்று எண்ணுங்கள். 100க்கும் குறைவாக இருந்தால் 500 வெள்ளணு வரை போங்கள். வந்ததை 8,000ஆல் பெருக்கி, எண்ணிய வெள்ளணுக்களின் தொகையால் வகுத்தால் ஒரு மைக்ரோலீற்றருக்கான எண்ணிக்கை. உறையாமல் தடுக்கும் ஈ.டி.ரி.ஏ. குழாயில் எடுத்த இரத்தமானால் ஒரு மணி நேரத்துக்குள் பூச்சுப் போடுங்கள், கிடந்தால் ஒட்டுண்ணியின் உருவம் குலையும்.

விரைவுப் பரிசோதனைப் பட்டை இரவு நேரத்துக்கும் ஸ்லைட் பார்ப்பவர் இல்லாத இடத்துக்கும் உதவும், அது ஸ்லைட்டுக்கு மாற்று அல்ல. ஃபல்சிபாரம் குணமான பிறகும் வாரக்கணக்கில் நேர்மறை காட்டும், ஆகவே பின்தொடரலில் பயன்படாது. ஃபல்சிபாரத்தின் எச்.ஆர்.பி.2 புரதத்தைத் தேடும் பட்டை, அந்த மரபணு அற்ற ஒட்டுண்ணியைத் தவறவிடும். எரித்திரியாவில் அப்படிப்பட்ட வகைகள் பரவலாகக் காணப்பட்டுள்ளன. உறையைப் பிரித்த உடனே பாவியுங்கள். ஈரம் பட்ட பட்டை பொய் சொல்லும்.

மருந்து

அளவை எழுதும் முன் மலேரியா தடை இயக்கத்தின் நடப்பு வழிகாட்டியைத் திறந்து பாருங்கள். அடிப்படை இது.

வைவக்ஸுக்குக் குளோரோகுயின் மூன்று நாளில் மொத்தம் கிலோவுக்கு 25 மில்லிகிராம்: 10, 10, 5. 60 கிலோ ஆளுக்கு 150 மில்லிகிராம் குளிசையாக 4, 4, 2. கூடவே ஈரலில் தூங்கும் வடிவத்துக்குப் பிரைமாகுயின் கிலோவுக்கு 0.25 மில்லிகிராம், 14 நாள். தவறு நடப்பது இந்த 14இல்தான். நான்காம் நாள் காய்ச்சல் விட்டுவிடும், ஆள் வேலைக்குப் போய்விடுவார், மீதிக் குளிசை அலுமாரியில் கிடக்கும். சில மாதம் கழித்து ஒட்டுண்ணி எழும்பும், அப்போது அவர் நுளம்பு கூடிய ஊரில் இருக்கலாம். குளிசையை விழுங்குவதைப் பொறுப்பாளி ஒருவர் நேரில் பார்ப்பதுதான் வழி.

பிரைமாகுயினுக்கு முன் ஜீ6பீ.டி. (சிவப்பணுவைக் காக்கும் நொதியம்) பரிசோதனை. குறைபாடு இருப்பவரில் அது சிவப்பணுக்களை உடைக்கும். அவருக்குக் கிலோவுக்கு 0.75 மில்லிகிராம் வாரம் ஒருமுறை, 8 வாரம், கண்காணிப்போடு. கர்ப்பிணிக்குப் பிரைமாகுயின் இல்லை.

ஃபல்சிபாரத்துக்கு ஆர்ட்டிமீதர்-லூமெஃபன்ரின்: 0, 8, 24, 36, 48, 60ஆவது மணியில், 35 கிலோவுக்கு மேற்பட்டவருக்குத் தடவைக்கு நான்கு குளிசை. கொழுப்புள்ள உணவோடு கொடுக்காவிட்டால் லூமெஃபன்ரின் உடலில் ஏறாது. காய்ச்சல்காரருக்குக் கஞ்சித் தண்ணீரோடு கொடுத்துவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டக் கூடாது. கூடவே பரவலைத் தடுக்க ஒற்றைத் தடவை பிரைமாகுயின். மயக்கம், வலிப்பு, சிறுநீரகப் பாதிப்பு, மிகுந்த அடர்த்தி இருந்தால் நாளம் வழி ஆர்ட்டிசுனேற் கிலோவுக்கு 2.4 மில்லிகிராம், 0, 12, 24 மணிக்கும் பின் நாளுக்கு ஒன்றுமாக. 20 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கு 3. ஆர்ட்டிசுனேற் பெற்றவரின் சிவப்பணுக்கள் ஒரு வாரம் கழித்தும் உடையலாம். வீட்டுக்கு அனுப்பிய பின்னும் நான்கு வாரம் ஹீமோகுளோபினைப் பாருங்கள்.

நோயாளியை வைத்தியசாலையில் வைத்துச் சிகிச்சை கொடுங்கள். தங்கியிருக்கும்போது வலைக்குள் படுக்க வேண்டும். வார்டு யன்னலருகே நுளம்பு கடித்தால் வைத்தியசாலையே தொற்றின் தொடக்கமாகிவிடும்.

அறிவித்தல், வகைப்படுத்தல்

உறுதியானதும் தொலைபேசியில் பிராந்திய மலேரியா தடை வைத்திய அதிகாரிக்கும் கொழும்புத் தலைமையகத்துக்கும் அன்றே சொல்லுங்கள். படிவம் பின்னால் வரட்டும். சீனா கடைப்பிடித்த 1-3-7 விதியை (ஒரு நாளில் அறிவித்தல், மூன்று நாளில் விசாரணை, ஏழு நாளில் களத் தடுப்பு) நல்ல அளவுகோலாக வைக்கலாம்; காய்ச்சல் தொடங்கி மூன்று நாளுக்குள் நோயை உறுதி செய்தால் பத்து நாள் கணக்குக்குள் அது அடங்கும்.

விசாரணையில் நாட்டுக்குள் வந்த திகதி, காய்ச்சல் தொடங்கிய திகதி, வந்ததிலிருந்து ஒவ்வோர் இரவும் படுத்த இடம் மூன்றும் கட்டாயம். கடைசியானதை ஞாபகத்திலிருந்து ஒரே மூச்சில் கேட்டால் பிழைக்கும். நாட்காட்டியை முன்னால் வைத்து, இன்றிலிருந்து பின்னோக்கி, ஓரிரவாகக் கேளுங்கள். திருவிழா, சம்பள நாள், போயா தினம் எல்லாம் ஞாபகத்தைக் கட்டிவைக்கும் முளை.

பிறகு வகை. வெளிநாட்டில் தொற்றி வந்தவர் இறக்குமதி நோயாளி. அவரிடமிருந்து இங்கே முதல் தலைமுறையாகத் தொற்றியவர் அறிமுக நோயாளி. அதற்கு அடுத்த சங்கிலி உள்ளூர் நோயாளி. இரத்தம் ஏற்றியதால் வந்தால் தூண்டப்பட்டது. பழையது எழும்பினால் மறுதாக்கம். சந்தேகமானதை இறக்குமதி என்று தள்ளிவிடும் ஆசை எல்லோருக்கும் வரும், எண்ணிக்கை அழகாக இருக்கும். அப்படித் தள்ளினால் களத்தில் நுளம்பைத் தேட யாரும் போகமாட்டார்கள். ஒரே இடத்தில் ஒரே ஒட்டுண்ணி இனத்தில் ஆண்டுக்குக் குறைந்தது மூன்று உள்ளூர் நோயாளிகள், அதுவும் மூன்று ஆண்டு தொடர்ந்து வந்தால்தான் மலேரியா மீண்டும் வேரூன்றியதாக உலக சுகாதார நிறுவனம் கொள்ளும். ஓர் அறிமுக நோயாளியால் சான்று போகாது, மறைக்கக் காரணமில்லை.

களம்

நோயாளியின் வீட்டைச் சுற்றி ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் வட்டத்தில் காய்ச்சல்காரர் எல்லோரது இரத்தமும். கூடப் பயணித்தவர்கள் வேறு மாவட்டத்தில் இருந்தாலும் அவர்களைத் தேடுங்கள்.

இலங்கையின் முதன்மைக் கடத்தி அனோபிலிஸ் கியூலிசிஃபேசீஸ். ஆற்றில் நீர் வற்றி, மணல் படுக்கையில் வெயில் படும் தெளிந்த குட்டைகள் மிஞ்சும்போது பெருகும். 1934-35இல் சுமார் 80,000 பேரைக் கொன்ற கொள்ளைநோய் வறட்சியில், அதுவும் வழக்கமாக ஆறு நிரம்பி ஓடும் ஈரவலயத்தில், வெடித்தது இதனால்தான். ஆகவே மழை குறைந்த மாதத்தில் ஆற்றங்கரையைப் பாருங்கள்.

நுளம்பின் குடம்பி பார்க்க 350 மில்லிலீற்றர் அகப்பை. சூரியனைப் பார்த்தபடி நெருங்குங்கள். உங்கள் நிழல் தண்ணீரில் விழுந்தால் குடம்பிகள் அடியில் போய்விடும், 'இல்லை' என்று எழுதிவிடுவீர்கள். ஓரத்தில் 45 பாகையில் சரித்து மெல்ல அமிழ்த்துங்கள். அனோபிலிஸ் குடம்பி நீர்மட்டத்துக்குச் சமாந்தரமாகக் கிடக்கும், மற்றவை தலைகீழாகத் தொங்கும். வளர்ந்த நுளம்பு சுவரில் அமரும்போது பின்பகுதியைத் தூக்கி, ஆணி அறைந்தது போல் சரிந்து நிற்கும்.

மன்னாரில் கண்டறியப்பட்டு, பின் யாழ்ப்பாணத்திலும் காணப்பட்ட அனோபிலிஸ் ஸ்டெஃபன்சி பழைய வரைபடத்தை மாற்றுகிறது. அது ஆற்றைத் தேடுவதில்லை. கிணறும் சீமெந்துத் தாங்கியும் பீப்பாயும் போதும், நகரத்துக்குள்ளேயே வாழும். கிணற்றுக்கு நெருக்கமான வலை மூடி, தாங்கியை வாரம் ஒருமுறை காலியாக்கித் தேய்த்தல், குடம்பி தின்னும் குப்பி மீன் விடுதல். மீனைக் கிணறு, தாங்கி போன்ற அடைபட்ட நீருக்கு மட்டும் விடுங்கள், குளத்திலும் ஓடையிலும் அது உள்ளூர் மீனைத் தின்னும். குடிநீரில் குடம்பி கொல்லும் டெமிஃபொஸ் மருந்து போட வேண்டி வந்தால் லீற்றருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது.

நோயாளியின் வீடு, அயல் வீடுகள், மாட்டுக் கொட்டில் ஆகியவற்றின் உட்சுவரில், ஒட்டி நின்று நெடுநாள் வேலை செய்யும் எச்ச மருந்து விசிறுங்கள். படுக்கும் ஒவ்வொருவருக்கும் நீடித்த மருந்து வலை. டெங்குக்கு அடிக்கும் புகை அப்போது பறக்கும் நுளம்பைத்தான் கொல்லும், சுவரில் அமரும் நுளம்பை விட்டுவிடும். புகை வண்டி போனதும் அயலவர் மனம் ஆறலாம், கணக்கு ஆறாது.

பயணம் போகிறவருக்கு

தடுப்புக் குளிசையாக மெஃப்ளோகுயின் வாரம் ஒன்று, 250 மில்லிகிராம்: புறப்பட இரண்டு மூன்று வாரம் முன் தொடங்கி, திரும்பி நான்கு வாரம் வரை. மன நோய் அல்லது வலிப்பு வரலாறு இருப்பவருக்கு வேண்டாம். டொக்சிசைக்கிளின் நாளொன்றுக்கு 100 மில்லிகிராம், புறப்பட ஓரிரு நாள் முன்னிருந்து திரும்பி நான்கு வாரம். அட்டோவாகுவோன்-புரோகுவானில் திரும்பி ஏழு நாள் போதும். திரும்பிய பின்னான நாட்களையே பெரும்பாலோர் விடுகிறார்கள். இவை எதுவும் ஈரலில் தூங்கும் வைவக்ஸைக் கொல்லாது. ஒழுங்காகக் குளிசை போட்டவருக்கும் ஆறு மாதம் கழித்துக் காய்ச்சல் வந்தால் இரத்தம் பார்க்க வேண்டும்.

கடைசியாக, கிடங்கு. ஆண்டில் ஒரு நோயாளியைக் கூடக் காணாத வைத்தியசாலையில் ஆர்ட்டிசுனேற் காலாவதியாகிக் கிடக்கும், ஸ்லைட் பார்ப்பவரின் கண் ஒட்டுண்ணியை மறக்கும். மருந்தின் திகதியைக் காலாண்டுக்கு ஒருமுறை பார்த்து, காலாவதிக்கு ஆறு மாதம் முன்பே மாற்றக் கேளுங்கள். ஸ்லைட் பார்ப்பவருக்கு வகை தெரிந்த பழைய ஸ்லைட்டுகளைப் பெயர் மறைத்து மாதாமாதம் கொடுங்கள், அவற்றில் ஒன்றிரண்டு குறைந்த அடர்த்தி வைவக்ஸாக இருக்கட்டும்.